மூன்றாம் ஓலை

தபித்தாளுக்கு ஓலை இரண்டு வாசித்தாயிற்று, மூன்றாவது வருகிற ஞாயிற்றுக்கிழமை என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதற்குள் வாசகர்களிடமிருந்து கார்டு மேல் கார்டு. "அந்தப் பெண்ணுக்கு இருபத்தொன்பது முடியப் போகிறது, இன்னும் எத்தனை வாரம் இழுக்கப் போகிறீர்கள்?" என்று ஆரணியிலிருந்து ஓர் அம்மாள் கோபித்துக்கொண்டிருக்கிறார். அம்மா, இழுப்பது நான் இல்லை. அந்தக் குடும்பமே அப்படி. எனக்கும் அவர்களோடு நடந்து நடந்து கால் வலிக்கத்தான் செய்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கிறிஸ்தவக் கோயிலில் ஒரு கலியாணம் நடக்க வேண்டுமானால், அதற்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சபைக்கு முன்னால் வாசிப்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பெயர். தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து நின்று சொல்லலாம். ஒருவரும் சொல்லவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தம். மாப்பிள்ளை செங்கத்தில் மின்சார போர்டில் லைன்மேனாக இருக்கும் நத்தானியேல். பெண், திருவண்ணாமலையில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லித் தரும் நம் தபித்தாள்.

எழுபத்தொன்பதாம் வருஷத்து மே மாதம். காலை ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. மலைப்பக்கம் திரும்பினால் கண் கூசியது. மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், தபித்தாளின் தாயார் மார்த்தாள் குரல் எடுத்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க! உங்களத்தான்! வேட்டி பொட்டி மேல கீது! வேட்டீ!"

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஸ்டவ் பர்னரின் அடைப்பைப் பின் ஊசியால் குத்திக்கொண்டிருந்த அவள் கணவர் கிதியோன் திரும்பவில்லை. முப்பது வருஷமாகக் கடலை எண்ணெய் மில்லில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றவர். அந்தச் சத்தத்தில் அவருக்குக் காது போய்விட்டது என்பது தெருவுக்கே தெரியும். அவரிடம் ஒன்று சொல்ல வேண்டுமானால் கத்த வேண்டும். கத்தினாலும் நாலில் ஒன்றுக்குத்தான் பதில் வரும்.

"செவுட்டுப் பொணம்," என்று மார்த்தாள் தாழ்ந்த குரலில் முணுமுணுத்தாள். "இதுகூட மாரடிச்சே என் ஆயுசு கம்மியாப் போச்சு."

அது அவளுடைய வழக்கம். கத்துவது அவருக்காக, முணுமுணுப்பது தன் ஆறுதலுக்காக. கலியாணமாகி வந்த நாளிலிருந்து நடந்துவருகிறது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியவருக்குத்தான் காது கேட்காதே.

தபித்தாள் அடுப்படிக்கு வந்தாள். ராத்திரி தூங்காத முகம். கோயிலுக்குக் கட்ட வேண்டிய புடவையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டாமலே நின்றாள்.

"அம்மா, கோயிலுக்குப் போறதுக்குள்ள ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லேன். கைதான வேலையா கீது, காது சும்மாதான கீது."

"நான் ஒரு பொருத்தனை பண்ணியிருக்கேன்."

மார்த்தாள் மிளகாய் அரைப்பதை நிறுத்தவில்லை. ஆண்டவரிடம் ஏதாவது நேர்ந்துகொள்வது அந்த வீட்டில் புதிதல்ல. "இன்னா நேந்துக்கின? கலியாணம் நல்லபடியா நடந்தா கோயிலுக்கு ஃபேன் வாங்கித் தரேன்னா? மாப்பிள்ளை லைன்மேன், கம்மி வெலைக்கு வாங்கிடலாம்."

"கலியாணமே கட்டிக்க மாட்டேன்னு."

குழவி நின்றது.

தபித்தாள் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். எட்டு வருஷத்துக்கு முன்பு அவள் தம்பி சீமோனுக்கு மூளைக் காய்ச்சல் வந்ததே, அப்போது நடந்தது. அவனுக்குப் பன்னிரண்டு வயது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். மார்த்தாள் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தபித்தாள் மட்டும் எழுந்து வார்டுக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்குப் போனாள்.

"அங்க முட்டி போட்டேம்மா. தம்பியத் திருப்பிக் குடு, நான் கலியாணம் கட்டிக்காம உனக்கே இருந்துடறேன்னு சொன்னேன். வாயத் தொறந்து, சத்தமாச் சொன்னேன். காலையில பாத்தா அவனுக்கு ஜொரம் எறங்கியிருந்துச்சு."

மார்த்தாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அடிப்பாவி! அதான் வந்த வரனையெல்லாம் மூக்கு கோணல், முடி கம்மின்னு தள்ளிக்கினே இருந்தியா? நான் ஒருத்தி தரகர் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடந்து நாயா அலைஞ்சேனே! அப்படின்னா இந்த நத்தானியேலுக்கு மட்டும் இன்னாத்துக்குடி தலையாட்டுன?"

"அலுத்துப் போச்சும்மா."

தபித்தாள் அதைச் சொன்ன விதத்தில் மார்த்தாள் கொஞ்சம் அடங்கினாள்.

"பள்ளிக்கூடம், வீடு, கோயில். சனிக்கிழமை துணி தொவைக்கிறது. நான் போற கலியாணத்துல எல்லாம் என்கூடப் படிச்சவங்க புள்ளைங்க என்னை ஆயான்னு கூப்புடுதுங்க. சரி, ஆண்டவருக்குச் சொன்னது சொன்னதுதான்னு இருந்தேன். இவரு வந்து உக்காந்தாரு. எல்லாரும் நைனாவையும் உன்னையும் கேட்டாங்க, இவரு மட்டும் என் மூஞ்சியப் பாத்து, உங்களுக்கு இஷ்டமான்னு கேட்டாரு. இதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்ல. சரின்னு வாயில வந்துடுச்சு. எனக்கு அவரைப் புடிச்சிருக்கும்மா. அதுதான் பயமா கீது."

"வுடுடி. சின்னப் பொண்ணு, அழுகையில ஏதோ ஒளறின. ஆண்டவருக்கு வேற ஜோலி இல்லையா?"

"மனசுல நெனச்சிருந்தா வுட்டுடலாம். ஒதட்டத் தாண்டி வந்துடுச்சே. ஈசாக்கு கண்ணு தெரியாம, பெரியவன்னு நெனச்சு சின்னவனுக்கு ஆசீர்வாதத்தைச் சொல்லிட்டாரு. பெரியவன் வந்து எனக்கும் சொல்லு நைனான்னு கதறுனான். திருப்பி எடுக்க முடிஞ்சுதா அவரால? வேதத்துல வாய்ச்சொல்லுன்னா காத்து இல்லம்மா, அது ஒரு காரியம். செஞ்சுட்டா செஞ்சதுதான்."

ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்த்தாள் மறுபடியும் குழவியைப் பிடித்தாள்.

"ஆனா ஒரு வழி கீது," என்றாள் தபித்தாள். "எண்ணாகமத்துல முப்பதாம் அதிகாரத்துல பாத்தேன். அப்பன் வீட்டுல இருக்குற பொண்ணு பொருத்தனை பண்ணி, அது அப்பன் காதுக்கு வந்து, கேட்ட நாள்லயே அவரு கூடாதுன்னு சொல்லிட்டா அது செல்லாது. ஆண்டவர் அவளை மன்னிச்சுடுவாரு. கேட்டுட்டு சும்மா இருந்துட்டாருன்னா நெலைச்சுடும். நைனாவுக்கு இதுவரைக்கும் தெரியாது இல்ல? இன்னிக்குச் சொல்றேன். பொழுது சாயறதுக்குள்ள கூடாதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா போதும்."

மார்த்தாள் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"ஒரு வார்த்தையா? யாரு, அந்த மனுஷனா? கலியாணத்தன்னிக்குப் போதகர் ஐயரு இவளை மனைவியா ஏத்துக்கிறியான்னு கேட்டதுக்குத் தலைய மட்டும் ஆட்டுன ஆளுடி. எங்க அண்ணன் பின்னால நின்னு தொடையக் கிள்ளித்தான் ஆமான்னு சொல்ல வெச்சாரு."

இருந்தாலும் தபித்தாள் போனாள். வேப்பமரத்தடியில் அப்பாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவர் காதோடு வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தெருவுக்குக் கேட்கக் கூடாது, அவருக்குக் கேட்க வேண்டும். அந்த அளவுக்குக் குரலை வைத்துக்கொண்டாள்.

கிதியோன் பின் குத்துவதை நிறுத்தினார். மகளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், கையைச் சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவினார்.

"நைனா, கேட்டுச்சா?"

"நேரமாவுது," என்றார் கிதியோன். வேட்டி கட்ட உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான்.

அன்றைக்குப் போதகர் எடுத்துக்கொண்ட பிரசங்கம், வேண்டுமென்றே எடுத்தாரோ என்னவோ, நாவைப் பற்றியது. குதிரையின் வாயில் போடும் சின்னக் கடிவாளம் குதிரையையே திருப்புகிறது. சின்னச் சுக்கான் கப்பலைத் திருப்புகிறது. ஒரு பொறி காட்டையே எரித்துவிடுகிறது. மனிதன் சிங்கத்தை அடக்கினான், பாம்பை அடக்கினான், அவன் வாய்க்குள் இருக்கிற இத்துணூண்டு நாக்கை அடக்க முடியவில்லை என்று மேசையைத் தட்டினார்.

மார்த்தாள் முக்காட்டுக்குள்ளிருந்து மகளை இடித்தாள். "யாரோ என்னைப் பத்தி ஐயருகிட்ட வத்தி வெச்சிருக்காங்க."

தபித்தாள் ஆண்கள் பக்கம் பார்த்தாள். மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு. பேசிக் கெடுக்கிறவர்களைப் பற்றி இத்தனை பிரசங்கம் செய்கிறார்களே, பேசாமல் இருந்து கெடுக்கிறவர்களைப் பற்றி ஒரு நாளாவது யாராவது பிரசங்கம் செய்கிறார்களா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அடக்க முடியாத நாக்கை ஒரு மனிதர் முழுசாக அடக்கி வைத்துக்கொண்டு அதோ உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பரிசுத்தவான் என்று சொல்வார்களாக்கும்.

பிரசங்கம் முடிந்தது. போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"திருவண்ணாமலை சபையைச் சேர்ந்த கிதியோன் குமாரத்தி தபித்தாளுக்கும், செங்கம் சபையைச் சேர்ந்த நத்தானியேலுக்கும் நடக்கப் போகிற விவாகத்துக்கு இது மூன்றாம் அறிவிப்பு. தடை இன்னதென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்லக்கடவர்கள்."

கூரையில் ஒரே ஒரு மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. தடை இன்னதென்று அந்தக் கோயிலில் தபித்தாளுக்குத் தெரியும். அவள் அம்மாவுக்குத் தெரியும். இப்போது அப்பாவுக்கும் தெரியும். எழுந்துவிடலாமா என்று பெஞ்சைப் பிடித்தாள். எழவில்லை.

கிதியோன் தலையைத் தூக்கினார். அவர் வாய் கொஞ்சம் திறந்ததைத் தபித்தாள் நன்றாகப் பார்த்தாள். திறந்த வாயில் இருமல்தான் வந்தது.

போதகர் தாளை மடித்துவிட்டார். சபையார் ஞானப்பாட்டுக்கு எழுந்தார்கள். வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டு கன்னத்தைக் கிள்ளினார்கள். தபித்தாள் எல்லோருக்கும் சிரித்தாள். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது.

மத்தியானம் சீமோன் வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகை சைக்கிள் கடையில் இருக்கிறான். ரமணாசிரமம் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள்தான் அவனுக்கு வாடிக்கை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்புக்கு மணி அடித்ததுபோல வந்துவிடுவான்.

"அக்கா, கலியாணத்தன்னிக்கு எங்க கடை சைக்கிளுங்க அத்தனைக்கும் பேப்பர் பூ கட்டி ஊர்கோலம் வுடறேன் பாரு. ஒரு வெள்ளைக்காரன் முன்னால மணி அடிச்சிக்கினு போவான். பேசி வெச்சிட்டேன்."

"சாப்புடுறா," என்றாள் தபித்தாள்.

"இன்னாக்கா மூஞ்சி ஒரு மாதிரி கீது? மாமா ஞாபகமா?" என்று இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டான். நல்ல தோள், நல்ல பசி. எட்டு வருஷத்துக்கு முன் தண்ணீர்கூட இறங்காத தொண்டை அது. மார்த்தாள் அவனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே அவன் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"நைனா ஒண்ணும் சொல்லல இல்ல?"

"இன்னும் பொழுது கீதும்மா."

"கீது, கீது. அவரு சொல்ல மாட்டாரு. அப்ப நீ சொன்னது நின்னுடுச்சுன்னுதான அர்த்தம்? நாளைக்கு மாப்பிள்ளை வூட்டுல துணி எடுக்க வர்றாங்க. வாசல்லயே நிறுத்தி நானே சொல்லிடறேன். எம்பொண்ணு ஆண்டவருக்குன்னு நேந்துக்கினவ, மன்னிச்சுக்கங்கன்னு."

தபித்தாள் கையை விடுவித்துக்கொண்டாள். "காலையில வுடுடின்னியேம்மா?"

"காலையில ஒரு புள்ளதான் எங்கண்ணுக்கு முன்னால இருந்துச்சு. இப்ப ரெண்டும் கீது." மார்த்தாளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ மாலையும் கழுத்துமா செங்கத்துக்கு பஸ் ஏறுற அன்னிக்கு இவனுக்கு ஜொரம் வந்தா நான் இன்னாடி பண்ணுவேன்? குடுத்தவரு திருப்பிக் கேட்டாருன்னா? உன்னை அனுப்பிட்டு இவனைப் பொதைக்கணுமா? எனக்கு முடியல தபித்தா. இன்னொரு வாட்டி அந்த ஆஸ்பத்திரி படி ஏற என்னால முடியல."

மகளிடம் ஒரு தாய் இப்படிக் கேட்கலாமா என்று கார்டு எழுதப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். தபித்தாளும் அதையேதான் ஓலை வாசிக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பேரும் துவைக்கிற கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். உள்ளேயிருந்து சீமோன், "மோர் இல்லியா?" என்று குரல் கொடுத்தான்.

கிதியோன் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. பின்கட்டிலிருந்து அந்த இடம் பத்தடிகூட இருக்காது.

வெயில் தாழ்ந்ததும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"வா," என்றார் மகளிடம்.

எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரப்போவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். தேர் வீதியில் தரை இன்னும் கொதித்தது. கோபுர நிழலில் அடி அண்ணாமலைக் கிராமத்துத் தயிர்க்காரிகள் காலிப் பானையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் மகளும் பேசாமல் நடந்து பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். குழந்தைகள் வார்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் குழாயடியில் கிதியோன் நின்றார்.

"இங்கதான முட்டி போட்ட?"

தபித்தாள் தலையாட்டினாள்.

அவர் நாலு எட்டு வைத்து, வராந்தா தூணுக்குப் பின்னால் போய் நின்றார்.

"நான் இங்க நின்னுக்கினு இருந்தேன். பீடி பத்த வெக்க வந்தேன்."

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது குழாயையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்குக் காது..."

"காது நல்லாத்தான் கீது." கிதியோன் தூணைப் பார்த்தே பேசினார். "மில்லுல மொதலாளி கெட்ட வார்த்தையில ஏசுவாரு. கேட்டா பதில் சொல்லணும், சொன்னா வேலை போயிடும். கேக்காத மாதிரி இருந்து பாத்தேன். சௌகரியமா இருந்துச்சு. அப்புறம் வூட்டுலயும் அப்படியே இருந்துட்டேன். எதுக்கும் பதில் சொல்ல வேணாம் பாரு."

"அன்னிக்கு நான் சொன்னதும் கேட்டுச்சா?"

"ஒரு எழுத்து வுடாம."

"அந்த அதிகாரமும் உங்களுக்குத் தெரியுமா?"

"அப்பவே தெரியும். ஓடி வந்து உன் வாயைப் பொத்தி, வேணாம் கண்ணுன்னு சொல்லியிருக்கணும். சொன்னா புள்ள செத்துருவானோன்னு பயம். பேசாம நின்னேன்." தூணில் கையை ஊன்றிக்கொண்டார். "வேதத்துல எப்தான்னு ஒருத்தன் யுத்தத்துல ஜெயிச்சா வாசல்ல எதுக்க வர்றதப் பலி குடுக்கறேன்னு வாய வுட்டான். அவன் மகதான் எதுக்க வந்தா. அவன் பேசி மகளைக் கெடுத்தான். நான் பேசாமக் கெடுத்தேன். உன்னைக் குடுத்து அவனை வாங்கிக்கினேன் பாப்பா."

தபித்தாளுக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. எட்டு வருஷம்! ஒவ்வொரு வரனாக வந்து காப்பி குடித்துவிட்டுப் போனபோது இந்த மனிதர் மரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாரே. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதபோதும் மென்றுகொண்டிருந்தாரே. எல்லாம் தெரிந்துகொண்டு.

"பாத்துக்கினு இருந்தீங்களே நைனா!" என்று கத்தினாள். வராந்தாவில் பன்னும் ஃபிளாஸ்கும் வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு யாரும் இல்லன்னு நெனச்சேன். எனக்கும் ஆண்டவருக்கும் மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன். நீங்களும் கூட இருந்து கேட்டுட்டு வூட்டுக்கு வந்து சோறு தின்னீங்களா?"

"தின்னேன்," என்றார் கிதியோன்.

அவள் விடுவிடுவென்று நடந்தாள். கேட்ட நாள் இன்றைக்கு இல்லை. அது என்றைக்கோ முடிந்துபோன நாள். இனிமேல் அவர் கூடாது என்று ஆயிரம் தடவை சொன்னாலும் என்ன பிரயோஜனம்? நாளைக்கு வாசலில் அம்மா நத்தானியேலிடம் சொல்லட்டும். அவர் துணிப்பையோடு திரும்பிப் போகட்டும். அலுத்துப்போயிற்று, எல்லாமே அலுத்துப்போயிற்று.

கிதியோன் மூச்சு வாங்க அவளை எட்டிப் பிடித்தார்.

"நீ அந்த அதிகாரத்தைக் கடைசி வரைக்கும் படிக்கல."

"படிச்சேன்."

"படிச்சிருந்தா இப்படி நடக்க மாட்ட. கடைசியில ஒண்ணு போட்டிருக்குது. கேட்ட அன்னிக்குச் சும்மா இருந்துட்டு, பிற்பாடு ஒருத்தன் அதைச் செல்லாமப் பண்ணான்னா, அவளோட குத்தத்தை அவன் சொமப்பான்."

தபித்தாள் நின்றுவிட்டாள். "அது புருஷனுக்குச் சொன்னது."

"அப்பனுக்கு ஆவாதா? ஆவாதுன்னா ஆண்டவர் என்னைக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். இத்தினி நாளு யாருக்கும் பதில் சொல்லாத வாயி, அவருக்காவது சொல்லட்டும்."

"வேணாம் நைனா. உங்க தலையிலயா?"

"கேக்கறதா இருந்தா என்னைக் கேக்கட்டும். உன்னையும் இல்ல, அவனையும் இல்ல. மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் கல்லு மேல உக்காந்து அழுததைக் கேட்டுக்கினுதான் படுத்திருந்தேன்." மேற்கே பார்த்தார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. "வேகமா நட. நீ வாய்வுட்டுச் சொன்னது. நானும் வாய்வுட்டுத்தான் சொல்லணும். சாட்சிக்கு உங்கம்மா வேணும்."

அவர்கள் சந்துக்குள் நுழைந்தபோது மார்த்தாள் வாசலில் நின்று கையை ஆட்டினாள்.

"எங்கங்க போனீங்க? சொல்லாமக் கொள்ளாம! எங்க போனீங்கன்னு கேக்கறேன்!" பிறகு வழக்கம்போல மூச்சுக்குள்: "செவுட்டுக்கு ஊர்கோலம் வேற."

கிதியோன் வாசலுக்கு நடுவில் நின்றார். மேல்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மார்த்தா, கேட்டுக்க. எம்மக தபித்தா தம்பிக்காகப் பண்ண பொருத்தனை கூடாதுன்னு நான் தடுக்கறேன். அது செல்லாது. கேட்ட அன்னிக்கே சொல்லாம வுட்டது நானு. அதுக்கு வர்ற குத்தம் எம்மேல. எம்மேல மட்டும்."

சந்து முழுக்கக் கேட்டது. எதிர் வீட்டில் ரேடியோவைத் தாழ்த்தினார்கள். அந்த மனிதருக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

மார்த்தாள் இரண்டு எட்டு பின்வாங்கினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தனக்குத்தானே, உதடு அசைகிற அளவுக்கு மட்டும் சொன்னாள்: "இத்தினி வருஷம் கழிச்சி வாயத் தொறக்குது பாரு, பெத்த புள்ளைக்குக் கொள்ளி வெக்க."

"புள்ளைக்கு இல்ல மார்த்தா," என்றார் கிதியோன் சாதாரணக் குரலில். "எனக்கு."

மார்த்தாள் அப்படியே நின்றாள்.

"உங்களுக்கு... கேக்குதா?"

"கேக்குது."

"எப்பலேந்து?"

"எப்பவுமே."

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் மூச்சுக்குள் சொன்னதெல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது. பிணம் என்றது, கட்டை என்றது, எனக்கு முன்னால் போய்த் தொலைந்தாலாவது நிம்மதி என்று ஒரு கிறிஸ்துமஸுக்குச் சொன்னது. இந்த மனிதர் அத்தனையையும் கேட்டுவிட்டு, கூப்பிட்டால் திரும்பாமல், போட்ட சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போயிருக்கிறார். சொன்னதில் ஒன்றைக்கூட இனிமேல் அவளால் திரும்ப வாங்க முடியாது. வாயைத் திறந்தாள். முதல் தடவையாக அந்த வாயில் ஒன்றும் வரவில்லை.

தபித்தாள் அம்மாவின் தோளில் கை வைத்தாள். தான் விடுபட்டுவிட்டோமா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் அப்பாவைப் பார்த்தபோது கோபத்துக்கு அடியில் அழுகை வந்தது. மலை உச்சியில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

சைக்கிள் மணி கிணுகிணுத்தது. வீட்டுப் பக்கவாட்டில், ஹேண்டில்பாரைப் பிடித்தபடி சீமோன் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. மத்தியானம் பேசிய கேலியெல்லாம் போய், முகம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகமாக இருந்தது.

"எனக்காக இன்னாக்கா பொருத்தனை?" என்றான். "இன்னா பண்ணியிருக்க நீ?"

தபித்தாள் அப்பாவைப் பார்த்தாள். மார்த்தாள் தலையைத் தூக்கவில்லை.

கிதியோன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடு," என்றார். "இப்படி வந்து உக்காரு. நான் சொல்றேன்."